உங்க பேரென்ன சொன்னீங்க?

சிட்டு ஒரு குட்டி வயர்லெஸ் பெட்டி. டார்ச் பல்பு எரியும் அளவு மின்சாரத்திலேயே கடல்தாண்டிப் பேசிவிட வேண்டும் என்பது அதன் வீம்பு.

"சிட்டு பேசுறேன்! யாருக்காவது கேட்குதா?"

தூரத்துப் பெரிய பெட்டி ஒன்று முழங்கியது: "ஆகா, பிரமாதம்! பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு! ஆமா, உங்க பேரென்ன சொன்னீங்க?"

"சிட்டு."

"கணீர்னு கேட்குது! பேரை மட்டும் இன்னொரு தடவை..."

ஆறு தடவை சொல்லியாயிற்று. பேட்டரியும் பாதிக்குமேல் காலி. சிட்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க பாராட்டை உடைப்புல போடுங்க!" என்று கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அப்போது இரைச்சலுக்கு அடியிலிருந்து இன்னொரு குட்டிப் பெட்டி முனகியது:

"ஒண்ணுமே சரியாக் கேட்கலைங்க. ஒரே இரைச்சல். நீங்க சிட்டுதானே?"