சட்டம் போட்டவருக்கும் உண்டு

"அறுபத்தஞ்சு தாண்டின எல்லாருக்கும் வருஷா வருஷம் ஞாபகப் பரிசோதனையாம்! இதை எழுதின புண்ணியவான் மட்டும் கையில கிடைக்கட்டும்…"

டாக்டர் கொரின் சட்டப் பிரதியை மேசைமேல் பொத்தென்று போட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த லைமன் தர்லோ கையைத் தூக்கினார்.

"அந்தப் புண்ணியவான் அடியேன்தான் டாக்டரம்மா."

கொரின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்கு அவள் புதிது. அவரோ இருபது வருடமாக மாநில சட்டசபை உறுப்பினர்.

"திட்டுங்க, பரவாயில்ல. மூக்குக் கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடற ஆளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு என் பொண்டாட்டியே கேக்கறா. சபையிலயும் சிரிச்சாங்க. 'இதால ஒருத்தருக்காவது பிரயோஜனம் உண்டா'ன்னாங்க. 'கண்டிப்பா ஒருத்தருக்காவது உண்டு'ன்னு மார்தட்டிட்டு வந்தேன்."

"இப்ப என்ன அவசரம் சார்?"

"தேர்தல்ல என்னை எதிர்த்து நிக்கிற பொண்ணு, எனக்கு மூளை துருப்பிடிச்சுப் போச்சுன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லுது. நாளைக்கு சர்ச்சுல பீன்ஸ் விருந்து, ஊரே வரும். பாஸுன்னு நீங்க ஒரு சீட்டு குடுத்தா மைக்குல படிச்சு அவ வாயை அடைச்சிருவேன்."

கொரின் ஐந்து வார்த்தைகளை நிதானமாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். தேதி, கிழமை எல்லாம் சரி. கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்துவிட்டு அவரே சிரித்தார்.

"முள்ளு சரியா இருக்கு. ஆனா பாத்தா எங்க தோட்டத்துப் பூசணிக்காய்தான்."

"மணி சரிதான் சார். இப்ப அந்த அஞ்சு வார்த்தையைச் சொல்லுங்க."

"வாளி, கரடி, ரொட்டி, பாலம், நீலம்!" ஒரே மூச்சில் ஒப்பித்தார். "போடுங்க நூத்துக்கு நூறு!"

அவள் பேனா அசையவில்லை. சட்டப் பிரதியின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சார், இது நீங்க சட்டத்துல மாதிரிக்குப் போட்ட வார்த்தைங்க. நான் இன்னைக்குச் சொன்னது வேற அஞ்சு."

லைமன் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு படித்தார்.

"எழுதிக்குங்க டாக்டரம்மா. சபையில கேட்டாங்களே, அந்த ஒருத்தன் கிடைச்சுட்டான்."