பராமரிப்பாளர் பெயர்

"இதில கிடக்கிறது உம்முடைய பேர்தானே, விஜயலெட்சுமி?"

புவனேந்திரன் நனைந்த குடையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்து, போனை மேசையில் வைத்தார். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேக்கரி மாடியில் அவளுடைய ஒற்றை அறை அலுவலகம். மூன்று நாளாக விடாத மழை.

"ஆமாங்க சார், என் பேருதான்."

"அந்தச் சிப்பைக் கேர்னலில இருந்து எடுத்துவிடுங்கோ எண்டு எழுதினதும் நீர்தானோ?"

"நாந்தாங்க. உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. கோபம் வந்தால் நின்றுகொண்டேதான் பேசுவார். அப்போதுதான் அதிகாரி மாதிரி இருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மண்சரிவு அபாயமுள்ள தோட்டங்களில் நாற்பத்தொரு எச்சரிக்கை சைரன்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மழை அளவு கூடினால் தானாக ஊத வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழைய சிப். அதை ஓட்டுவது லினக்ஸ் கேர்னல் என்கிற இலவச மென்பொருள். சிப் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. கேர்னலை உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு சிப்புக்கும் அதில் ஒரு பராமரிப்பாளர் பெயர் இருக்கும். இந்தச் சிப்புக்கு இருந்தது ஒரே ஒரு பெயர், விஜயலெட்சுமி. ஆறு வருடமாக, தன் வேலையெல்லாம் முடித்த பிறகு, யாரும் கேட்காமலே பார்த்து வந்தவள்.

அவளே போன வாரம் எழுதிவிட்டாள், 'இனி இதைப் பார்க்க ஆளில்லை, நீக்கிவிடலாம்' என்று. அவர்களும் நீக்கிவிட்டார்கள்.

"இனிப் பிழை வந்தால் ஆர் திருத்திறது?"

"யாரும் இல்லைங்க. இப்ப இருக்கறது அப்படியே ஓடும். புதுத் திருத்தம் வராது."

"ஓடுமோ? போன மாசம் வெள்ளைக்கல் தோட்டத்தில நாற்பது நிமிசம் பிந்தியெல்லோ ஊதினது?"

அது அவளுக்குத் தெரியாதா என்ன. அந்தத் தோட்டத்து மேல் டிவிஷனில்தான் அவள் அம்மா பெரியாயி இருக்கிறாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவு இறங்கி வந்து கோழிக்கூட்டோடு நின்றது. சைரன் ஊதியபோது சனமெல்லாம் ஏற்கெனவே ஓடிப்போய்க் கோயிலில் உட்கார்ந்திருந்தது.

"போர்டெல்லாம் ஈரம் குடிச்சுப் போச்சு சார். நானும் எழுதி எழுதி ஒட்டுப் போட்டுட்டுத்தான் இருந்தேன். இனி எழுதிச் சரிபண்ண முடியாது."

அவள் போன் அடித்தது. சட்டென்று எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா? மழை எப்படி?"

"ஊத்துது. காலையில பேர் குடுக்கப் போன பெரட்டுலேயே வேலையில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீ சாப்பிட்டியா?"

"சைரன்ல லைட் எரியுதா?"

"எரியுது, எரியுது. அதை யாரு நம்புறா? நாங்க மாத்தி மாத்தி மலையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவள் போனை வைத்தாள்.  கேட்டுக்கொண்டிருந்த புவனேந்திரன் பயந்துபோய் இன்னும் கடுமையாகப் பேசினார்.

"அம்மா அங்க இருக்கேக்கையே இப்பிடிச் செய்திருக்கிறீர். மீரியபெத்தையில சனம் மண்ணுக்குள்ள போனது மறந்து போச்சோ?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உமக்கு வெளிநாட்டுக் கம்பெனியில வேலை கிடைச்சிட்டுது எண்டு கேள்விப்பட்டன்."

"கிடைச்சிருக்குங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"சம்பந்தம் இல்லையோ? சம்பளம் வந்த உடன சும்மா செய்யிற வேலை கசக்குது. லயத்திலயிருந்து படிச்சு வந்த பிள்ளை எண்டு எல்லாரிட்டையும் பெருமையாச் சொல்லித் திரிஞ்சன். என்னைச் சொல்லவேணும்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தாள். மழையில் மலையே தெரியவில்லை.

"திருப்பிச் சேர்க்க ஏலாதோ?"

"நானே பாத்துக்கிறேன்னு ஒரு வரி எழுதினா சேர்த்துடுவாங்க."

"அப்ப எழுதும்."

"மாட்டேன் சார்."

புவனேந்திரன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"இண்டைக்கு இது கொழும்புக்குப் போகவேணும். 'கருவியின் மென்பொருளுக்குப் பராமரிப்பு உண்டா?' எண்டு கேக்கினம். ஆறு வருசமா 'உண்டு' எண்டு போட்டனான். இப்ப நான் என்ன போடுறது, சொல்லும் பாப்பம்."

"இல்லைன்னு போடுங்க."

"போட்டால்?"

"அதுக்குக் கீழே இருக்கறதைப் படிங்க சார்."

ஆறு வருடத்தில் அவர் அதற்குக் கீழே போனதே கிடையாது. 'உண்டு' என்று போட்டவர்கள் போகத் தேவையில்லை. இப்போது விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

'இல்லை எனில், கருவி காலாவதியானதாகக் கருதப்பட்டு, முப்பது நாட்களுக்குள் புதியது பொருத்தப்பட வேண்டும்.'

விரல் அங்கேயே நின்றது. புதிய சைரன் வேண்டும் என்று அவரே நான்கு தடவை எழுதிக் கேட்டிருக்கிறார். நான்கு தடவையும், 'தற்போதுள்ளவை பராமரிப்பில் உள்ளன; புதியவை அவசியமில்லை' என்றுதான் பதில் வந்தது.

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"எனக்கும் போன மாசம்தான் சார் புரிஞ்சுச்சு" என்றாள் விஜயலெட்சுமி. "எங்கம்மாவுக்குப் புது சைரன் வராம ஆறு வருஷமா தடுத்துக்கிட்டு இருந்தது என் பேருதான்."