சுத்தமான படம்

"அறுபத்து மூணு நாள் செய்தி, சார். ஒண்ணுகூட விடல." லென்ஸ் வெட்டுபவன் ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் வைத்தான். மேல்வீட்டுக்காரர் அதைத் தொடவில்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு, உட்காரச் சொன்னார்.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து சேர்த்து வைப்பதுதான் பொழுதுபோக்கு. "துணி வைக்க ஒரு அலமாரி, டிஸ்க் வைக்க ரெண்டு" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஐந்து நாளுக்கு முன்பு, மேல்வீட்டுக்காரர் கேபிள் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு கீழே வந்திருந்தார். அவர் குடிவந்து இரண்டு மாதமாகியும் அன்றுதான் முதல் பேச்சு.

"வெள்ளிக்கிழமை இதைத் திருப்பிக் குடுக்கணும் தம்பி. குடுத்தா உள்ள பதிவாகியிருக்கறதையெல்லாம் அழிச்சிருவாங்களாம். மத்தியானச் செய்தி அறுபத்து மூணு இருக்கு. வேற எங்கயும் கிடைக்காது, சேனல்லயும் கேட்டுட்டேன்."

"நேத்து பேப்பரையே இன்னிக்கு யாரும் சீண்டறதில்ல சார்" என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"சத்தம் வராட்டியும் பரவால்ல. படம் மட்டும் மங்கக் கூடாது."

அவர் போன பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் சம்சாரம் தவறி ஒரு வருஷமாச்சாம், வாட்ச்மேன் சொன்னாரு. அந்தம்மாவுக்கு டிவியிலதான் வேலையாம். செய்தி வாசிச்சவங்களா இருக்கும்."

"அப்புறம் ஏன் சத்தம் வேணாங்கறாரு?"

"குரலைக் கேட்டா தாங்குமா? போய்க் கேட்டு வைக்காதீங்க. ஆறாத புண்ணு."

அவன் கேட்கவில்லை. கடைக்கு மூன்று நாள் விடுப்பு போட்டான். கால்மணி நேரச் செய்தி ஒன்று பெட்டியிலிருந்து கணினிக்கு வரச் சரியாகக் கால்மணி நேரம் பிடித்தது. குறுக்கு வழி கிடையாது. பிறகு கோப்பை மாற்றி, தேதியிட்டு, இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான். இரண்டாம் முறையும் சரியாக இருந்தால்தான் கணினியிலிருக்கும் மூலத்தை அழிப்பான். அது அவன் முறை.

அப்படியும் நிறம் கொஞ்சம் வெளுத்துவிட்டதோ என்று சந்தேகம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"வாசிக்கறவங்க புடவையில நூல் பிரிஞ்சது வரைக்கும் தெரியுது. இதுக்கு மேல என்னத்தத் தேய்க்கப் போறீங்க?"

இன்று காலை கேபிள் ஆள் வந்து பெட்டியை எடுத்துப் போயிருந்தான். மேல்வீட்டு டிவிக்குக் கீழே அது இருந்த இடத்தில், தூசியில்லாத ஒரு சதுரம்.

அவன் டிஸ்க்கை டிவியில் செருகி முதல் தேதியைப் போட்டான். மேல்வீட்டுக்காரர் சத்தத்தை நிறுத்தினார். நாற்காலியைத் திரைக்கு அருகே, வலது ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரை நிறைய செய்தி வாசிப்பவர் வந்தார்.

"அடுத்தது போடுங்க" என்றார்.

போட்டான்.

"கடைசி?"

அதையும் போட்டான். அவர் முகத்தில் எதுவும் இல்லை.

"நிறம் சரியில்லையா சார்?"

"நல்லா இருக்கு. படம் முன்னாடி சின்னதா இருந்ததே?"

அவனுக்கு உயிர் வந்தது. "ஆமா சார். அந்தச் செய்தியில படத்தைச் சுருக்கி ஒரு பக்கமா ஒதுக்கியிருந்தாங்க. கீழ எழுத்து ஓடிட்டு இருந்துச்சு. ஓரத்துல வேற, காது கேக்காதவங்களுக்காக ஒரு அம்மா கையசைச்சுட்டே நின்னாங்க. எல்லாத்தையும் வெட்டிட்டு, மேடத்தை மட்டும் திரை முழுக்கக் கொண்டு வந்துட்டேன்."

"அறுபத்து மூணுலயுமா?"

"அறுபத்து மூணுலயும். வேற யாருக்கும் இவ்வளவு மெனக்கெட மாட்டேன் சார்."

"வெட்டாதது?"

"அழிச்சாச்சு. இனிமே அது எதுக்கு?"

அவர் எழுந்து மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைத்தார். திரும்பி வந்து அதே ஓரத்தில் உட்கார்ந்தார். திரையில் வாசிப்பவர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"சார், மேடத்தை நான் சரியாத்தானே..."

"ஓரத்துல நின்னவதான் தம்பி என் வீட்டுக்காரி."