உறியடியில் ஒரு சந்தேகம்

பொங்கல் விளையாட்டு விழாவில், கண்ணைக் கட்டிக்கொண்ட தருமன் முதல் அடியிலேயே உறிப்பானையை உடைத்தான். அவனுக்குப் பட்டுத்தறி கொடுத்திருந்த முதலாளி சிவகுமாருக்குச் சந்தேகம்.

"பாத்துகினே அடிச்சியா? நான் இறுக்கிக் கட்டுறேன், இன்னொரு தபா அடி!"

"அடிச்சுக் காட்டுய்யா," என்றாள் தருமனின் மனைவி காவ்யா.

"வேணாங்க முதலாளி. துணி வழியா பாத்துத்தான் அடிச்சேன்." தருமன் பரிசுக் குடத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"திருட்டுக் கண்ணா!" என்று தெருவே சிரித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் காவ்யா வெடித்தாள். "மானமே போச்சு! ஏன்யா அப்படிப் பண்ண?"

"நான் பாக்கல. கயித்துச் சத்தத்தை வெச்சுத்தான் அடிச்சேன். மறுபடியும் ஒடைச்சிருந்தா முதலாளிக்கு வேற சந்தேகம் வந்திருக்கும். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு காவ்யா. தடவித் தடவித்தான் நெய்துகினு இருக்கேன். தெரிஞ்சா, நாளைக்குத் தறியில ஒக்கார வுடுவாரா?"