நைசாக அரைத்தால்

“இந்த செல்லு வெடிக்காதுல்ல?”

நாரணாபுரம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் போர்மேன் காசிராஜன் மூன்றாவது முறையாகக் கேட்டார். திருத்தங்கல் செல்போன் கடைக்காரன் ரய்யானுக்கு எரிச்சலாக வந்தது.

“வெடிக்காது அண்ணாச்சி. கேமரா வச்ச புது மாடல். சிப்புக்குள்ள எல்லாத்தையும் முன்னைவிடப் பொடிசா செஞ்சிருக்காக. அதான் வேகம் கூட.”

“அதான் தம்பி பயமே! மருந்தை நைசா அரைச்சா குபீர்னு பத்திக்கிடும்.”

“இது மருந்து இல்லையே. இங்கன பொடிசாக ஆக கரண்டு கம்மியா இழுக்கும். சூடும் கம்மி, பேட்டரியும் ரொம்ப நாள் உழைக்கும்.”

“பாதியில நின்னு போயிராதே?”

“போகாது. பேக் பண்ணவா?”

காசிராஜன் செல்போனை மேசைமேல் வைத்தார்.

“செல்லு வேண்டாம் தம்பி. நாளைக்கு மதுரையில என் வீட்டுக்காரி நெஞ்சுக்குள்ள, இதயம் துடிக்கிறதுக்கு ஒரு மிஷின் வைக்கிறாக. அதுலயும் இப்படிப் பொடிசான புது சிப்புதானாம். டாக்டர் சொன்னது எனக்கு ஏறல. நான் சரின்னு சொன்னாத்தான் வைப்பாக.”

ரய்யான் கையிலிருந்த அட்டைப்பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

“இப்பச் சொல்லு தம்பி. நீ சொன்னது யாவாரத்துக்கா, நெசமா?”