கோர்ட்டுக் களி

“யோகம் அவனுக்குத்தான் அண்ணா” என்றாள் பாப்பாயி.

கோர்ட்டு வாசலில் பஸ் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே அப்புசாமி இறங்கினான். பாப்பாயியும் அண்ணன் சின்னுசாமியும் கோழி கூவ, மலைமேலிருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து கிளம்பி, மலை இறங்கி, நடந்தே வந்திருந்தார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன், பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனவளை மலைப்பாதையில் தள்ளிவிட்டுக் காதுத் தோட்டைப் பிய்த்துக்கொண்டு ஓடியவன் இந்த அப்புசாமி. அடிவாரத்துக்காரன். தோடு அகப்பட்டது, அவனும் அகப்பட்டான். கிழிந்த காது மட்டும் இன்னும் கூடவில்லை.

இது ஐந்தாவது வாய்தா. நான்கு வாய்தாவிலும் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்; வந்திருக்கிறாளா என்று பார்த்தார்கள்; போகச் சொன்னார்கள். என்னம்மா நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை ஒரு தடவை அந்தக் கூண்டில் ஏறிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அவனை மட்டும் ஓயாமல் கேட்டார்கள். உடம்பு சௌக்கியமா, வக்கீல் வேண்டுமா, போலீஸார் அடித்தார்களா. இன்றைக்கு அவன் கால் புண்ணில் வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டிருந்தது. பாப்பாயி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். புண்ணில் அப்பியிருந்த மஞ்சள் விரலில் ஒட்டியது.

“நீ அவன் காதைப் பிச்சிருக்கோணும் புள்ள. பஸ்ஸுலயே வந்திருக்கலாம்” என்றான் சின்னுசாமி.

அவள் சிரிக்கவில்லை.

முதல் வாய்தாவிலேயே அவள் குமாஸ்தாவிடம் நியாயம் கேட்டிருந்தாள். அவள் ஊரில் வழக்குப் பேசுகிற நாளன்று அடிபட்டவர் வீட்டில் அடுப்பு எரியாது. அடித்தவன் வீட்டுச் சோறுதான் வரவேண்டும். அடித்தவனை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களே, எனக்குச் சோறு யார் போடுவது என்றாள். குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதப் போய்விட்டார். பக்கத்தில் விலங்கோடு நின்ற அப்புசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அன்று மதியமே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளிடம் ஏட்டு ஒருவர் இலைப்பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். களி உருண்டை, மேலே கொஞ்சம் கீரை. அதற்குப் பிறகு வாய்தா தவறாமல் வந்தது. சர்க்காருக்கும் காது உண்டு என்று மலையெல்லாம் சொல்லித் திரிந்தாள் பாப்பாயி.

இன்றும் வந்தது. அண்ணனுக்குப் பாதி பிட்டுக் கொடுத்தாள்.

“எனக்குக் களி. அவனுக்கு நெல்லுச் சோறும் கறியும் போடுவாங்களோ என்னமோ” என்றாள்.

மூன்று மணிக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். ராஜா படத்துக்குக் கீழே மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். அப்புசாமி தண்ணீர் கேட்டான். சேவகன் சொம்பில் கொண்டுவந்தான். குடித்துவிட்டு மறுபடி கேட்டான், மறுபடி வந்தது. அத்தனை தூரம் நடந்து வந்தவளின் மூக்குக்கு முன்னால்தான் அந்தச் சொம்பு இரண்டு தடவையும் போயிற்று.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“செஞ்சனுங்க சாமி.”

இரண்டு வருஷம் என்று எழுதினார்கள். பாப்பாயி கூண்டருகே போய் நின்றாள்.

“என்னைக் கேக்கலீங்களே சாமி.”

அவன்தான் ஒப்புக்கொண்டானே, உன் சாட்சி தேவையில்லை, போகலாம் என்றார் மாஜிஸ்திரேட். தோடு அப்பீல் கெடு முடிந்தபிறகு கிடைக்குமாம். அதற்குள் சேவகன் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டான்.

வெளியே அப்புசாமியை பஸ்ஸில் ஏற்றியிருந்தார்கள். சன்னலோர இடம்.

“போறதும் பஸ்ஸுதான்” என்றாள்.

மலை ஏறுமுன் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற, பொட்டலம் கொண்டுவரும் ஏட்டிடம் போனாள்.

“ஏனுங்க, என் பேச்சைக் கேட்டு இந்தச் சர்க்கார் செஞ்சது அந்தக் களி ஒண்ணுதானுங்க. குடுத்தனுப்புன மகராசன் ஆருன்னு காட்டுங்க. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்.”

பறிகொடுத்தவர்களுக்குச் சர்க்கார் ஒரு வாய் கஞ்சி ஊற்றி இந்த வாசலில் தாம் பார்த்ததே இல்லை என்றார் ஏட்டு. பிறகு பஸ் சன்னலைக் கண்ணால் காட்டினார்.

“அது ஜெயில்ல அவனுக்குக் குடுக்கற பங்கும்மா. ‘என்னாலதான் அவங்க ஊட்டுல இன்னிக்கு அடுப்பெரியலை, இதைக் குடுத்துருங்க’ன்னு அஞ்சு வாய்தாவும் மத்தியானம் பட்டினி கெடந்தான்.”