ஒரு சுத்து காட்டுங்க

வெளிநாட்டில் அவர் நடத்திய விளக்குக் கடை நொடித்துப்போய், இன்று காலியாகிறது. மிச்சமிருக்கும் ஒரே அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றபடி, ஊரிலிருக்கும் மனைவியோடும் மாமனாரோடும் வீடியோவில் பேசுகிறார். பின்னால் சரவிளக்குகள் மினுங்குகின்றன. ஐம்பதைத் தொட்ட முகத்தில் வியர்வை அரும்புகிறது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றும் டிரில்லிங் மெஷின் அலறுகிறது. “என்ன மாப்பிள்ளை சத்தம்?” என்கிறார் மாமனார். “கடையைப் பெருசாக்குறோம் மாமா.” “அப்படியா? ஒரு சுத்து காட்டுங்க, பார்ப்போம்.” அவர் கை அசைய மறுக்கிறது. கழற்றிய பலகையை இருவர் தூக்கிக்கொண்டு அவருக்கும் அலமாரிக்கும் நடுவே கடந்து போகிறார்கள். மனைவியின் கண்கள் அதன் மேல் நிலைக்கின்றன. “சிக்னல் சரியில்லப்பா,” என்று கைப்பேசியோடு எழுந்தவள், அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள். “என்கிட்டயுமா மறைச்சீங்க?” அவர் கைப்பேசியை மெல்லத் திருப்பி, வெறுமையான கடை முழுவதையும் அவளுக்குக் காட்டுகிறார்.